நான் மாற்றிக் கொடுத்த எண்

பதினேழு வருடம் நான் எக்ஸ்சேஞ்ச் பெட்டி மாட்டும் வேலை செய்தேன். ஒரு கம்பெனிக்குள் ஐம்பது மேசையில் ஐம்பது போன் இருக்கும். அத்தனையையும் ஒன்றாகக் கட்டி, வெளியிலிருந்து வரும் லைனோடு சேர்க்கிற பெட்டி அது. வாணியம்பாடியில் தொடங்கி வாலாஜாபேட்டை வரைக்கும் தோல் பதனிடும் ஷாப்புகள், ஷூ கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், கல்யாண மண்டபங்கள் என்று நான் பெட்டி மாட்டாத ஊர் கிடையாது. எங்களுடையது குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். பவர்லூம் சத்தத்தில் வளர்ந்ததால் எனக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் பேசுவதைவிட போனைக் கழற்றி மாட்டுவதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு இடம் உண்டு. வெளியே போகிற போன் கால் எந்த எண்ணிலிருந்து வருவதாக எதிராளியின் போனில் தெரிய வேண்டும் என்பதை அங்கே தட்டி வைக்க வேண்டும். டெலிபோன் கம்பெனி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சில எண்களை ஒதுக்கியிருக்கும். அதில் ஒன்றைப் போடுவதுதான் முறை. ஆனால் நான் சொல்கிற நாட்களில் எங்கள் பக்கத்து லைன்களில் அதை யாரும் சரிபார்க்கவில்லை. தபால் உறையில் அனுப்புநர் முகவரி என்று எதை எழுதினாலும் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் அல்லவா, அப்படித்தான் இதுவும். நான் எதைத் தட்டுகிறேனோ அதுதான் எதிர்ப்பக்கத்தில் தெரியும்.

இதை நான் கண்டுபிடித்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். பெட்டி மாட்டி முடித்துவிட்டுச் சோதிக்கிறபோது, விளையாட்டாக என் மனைவியின் மொபைல் எண்ணையே தட்டிவிட்டு அவளுக்கே போன் போட்டேன். எடுத்தாள். தன் எண்ணிலிருந்தே தனக்குப் போன் வருகிறதே என்று பயந்துவிட்டாள். நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் சிரிக்கவில்லை. இதையெல்லாம் வெளியில் யாருக்கும் செய்து கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஷூ கம்பெனிதான் என் பெரிய வாடிக்கை. வாசலில் போர்டு, அதாவது வெளிக்கால்களை வாங்கி உள்ளே மாற்றிக் கொடுக்கிற மேசை. அதில் பல வருடமாக ஒரே அம்மாதான் உட்கார்ந்திருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிற இடம். லீவு, ஓவர்டைம், சம்பள விவரம், பஸ் நேரம் மாறுவது, எதுவானாலும் போர்டு நம்பரிலிருந்துதான் வீடுகளுக்குப் போன் போகும். அதனால் சுற்று வட்டாரக் கிராமங்களில் அந்த எண்ணை எல்லோருக்கும் தெரியும். சமையல் பாதியில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுப்பார்கள்.

இன்னொரு வாடிக்கை, ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ரசாயனக் கிடங்கு. தோல் பதப்படுத்துகிற ஷாப்புகளுக்குச் சுண்ணாம்பு, குரோம், சாயம் எல்லாம் அங்கிருந்துதான் போகும். அதன் மேனேஜர் நல்ல மாதிரி பேசுவார். போனால் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். ஒருநாள் லைனில் சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார். சரிசெய்து முடித்துக் கிளம்பும்போது தன் அறைக்கு அழைத்தார்.

ஷூ கம்பெனி ஆட்கள் எங்கள் எண்ணைப் பார்த்தால் எடுப்பதே இல்லை, சரக்கு விஷயம் பேச முடியவில்லை என்று சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"அவங்க போர்டு நம்பரே தெரியற மாதிரி வெச்சிட்டா எடுப்பாங்க இல்ல? உன்னால முடியும்னு கேள்விப்பட்டேன்."

முடியும் என்றேன். எல்லா போனிலும் வேண்டாம், என் மேசை போனில் மட்டும் போதும் என்றார்.

சரக்கு பேசுகிறவர் வெளியே உட்கார்ந்திருக்கிற கிளார்க். அவர் போனில் போடச் சொல்லாமல் தன் அறையில் மட்டும் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் கேட்கவில்லை. நல்ல வாடிக்கை, டீ மேசைமேல் இருக்கிறது, வேலை ஐந்து நிமிடத்து வேலை. ஷூ கம்பெனியின் எண் எனக்கு மனப்பாடம். தட்டிவிட்டு, அவர் மேசையிலிருந்து என் மொபைலுக்கு ஒரு கால் போட்டுப் பார்த்தேன். திரையில் ஷூ கம்பெனியின் பெயரே வந்தது. அவர் என் தோளைத் தட்டினார். நான் டீயைக் குடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன். அன்றைக்கே அதை மறந்தும் போனேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை அக்கா கூப்பிட்டார். வேலையாட்களின் விவகாரம் பார்க்கிற பெர்சனல் ஆபீசர் அம்மா உடனே வரச் சொல்கிறார், பெட்டியில் பதிவாகிற கால் விவரத்தை எல்லாம் எடுக்க வேண்டும் என்றார். குரல் சரியில்லை. என்ன என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டார்.

அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு தோல் ஷாப்பும் இருந்தது. அங்கே நான்கு நாளைக்கு முன்னால் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கிய ஒருவர் விஷவாயுவில் மயங்கி விழுந்துவிட்டார். செய்தி எனக்கும் தெரியும். பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. தெரியாதது, அவருடைய மனைவி இதே ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவர் என்பது. பேரணாம்பட்டைத் தாண்டி ஒரு கிராமம். அன்று அவருக்குக் காய்ச்சல், லீவில் இருந்தார்.

தூக்கி வெளியே போட்டபோது கணவருக்கு மூச்சு இருந்தது. வேனில் வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் கண் விழித்துப் பேசியிருக்கிறார். மனைவியின் பெயரைச் சொல்லி, சொல்லியாச்சா சொல்லியாச்சா என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். அக்கா போர்டிலிருந்து மனைவியின் மொபைலுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பத்துத் தடவைக்கு மேல். எடுக்கவில்லை. தன் சொந்த மொபைலிலிருந்து போட்டார். அதையும் எடுக்கவில்லை. பிறகு ஒரு ஆளை பைக்கில் அனுப்பினார்கள். அவர் வேறு தெருவுக்குப் போய், விசாரித்து, வீட்டுக்குப் போய்ச் சேரவே மதியம் நெருங்கிவிட்டது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, அந்தப் பெண் வேலூர் போய்ச் சேர்ந்தபோது உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஏன் போனை எடுக்கவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். காரியங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே கணவருடைய அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. முந்தின நாள் பெர்சனல் ஆபீசர் அம்மா துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கிறார். கம்பெனி நம்பரிலிருந்து பல மாதமாக ஒரு ஆள் பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில், சாயங்காலங்களில். வாயைத் துணியால் மூடினமாதிரி ஒரு குரலில் அசிங்கமாகப் பேசுகிறான். இல்லாததை எல்லாம் புருஷனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறான். உங்கள் கம்பெனி ஆள்தான் யாரோ என்று நினைத்தேன், வேலை போய்விடும் என்று சொல்லவில்லை, அந்த எண்ணை எடுப்பதையே விட்டுவிட்டேன், புது எண் எதையும் எடுப்பதில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் அழக்கூட இல்லையாம்.

பெர்சனல் ஆபீசர் அம்மா கடுமையானவர் என்று பெயர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது. எங்கள் போனில் எங்கள் ஆள் எவனோ இதைச் செய்திருக்கிறான், எந்த மேசையிலிருந்து என்று எனக்கு இப்போதே தெரிய வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் போனில் வந்த கால்களைத் தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நான் போர்டு பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியின் பதிவை எடுத்தேன். ஒவ்வொரு தேதியாகப் பார்த்தோம். விபத்து நடந்த அன்று அக்கா அடித்த கால்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்கு முன்னால், தாளில் எழுதியிருந்த எந்த நேரத்திலும் அந்த மொபைலுக்கு எங்கள் பெட்டியிலிருந்து ஒரு கால்கூடப் போகவில்லை. பாதித் தேதிகள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியே மூடியிருந்த நாள்.

அக்கா தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நம்ம கிட்ட இருந்து போவல. அப்ப அந்தப் பொண்ணுக்கு வந்தது யாரு போன்?"

அந்த நிமிடம் எனக்குக் கிடங்கின் அறை நினைவுக்கு வந்தது. மேசை, அதன்மேல் டீ டம்ளர், என் மொபைல் திரையில் ஷூ கம்பெனியின் பெயர்.  டெலிபோன் கம்பெனியில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றே டெலிபோன் கம்பெனிக்கும் போலீசுக்கும் எழுத்தில் புகார் கொடுக்கப் போவதாகப் பெர்சனல் ஆபீசர் அம்மா சொன்னார். நான் தலையாட்டினேன். 

மறுநாள் காலை நான் செய்ததுதான் என் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமான காரியம். நேராகக் கிடங்குக்குப் போனேன். லைன் சோதிக்க வந்தேன் என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து மேனேஜர் மேசை போனுக்கு நான் போட்டிருந்த எண்ணை அழித்தேன். அந்த இடத்தில் கிடங்கின் சொந்த எண்ணைத் தட்டினேன். மூடியை முடுக்கிக்கொண்டிருந்தபோது மேனேஜர் பின்னால் வந்து நின்றார். புகார் போன செய்தி அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அந்தப் பெண் ஷூ கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் இதே கிடங்கில் மூட்டைகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை பார்த்தவள். இவர் தொந்தரவு தாங்காமல் நின்றுபோனவள். இவர் எண்களை எல்லாம் அவள் பிளாக் செய்து வைத்திருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் எதையும் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சிரித்த முகம் மட்டும் இல்லை.

"யாராச்சும் கேட்டா நீ தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லு. மிஷின் மிஸ்டேக். ரெண்டு பேருக்கும் பேஜார் இல்ல."

நான் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன். டீ குடிக்கிறாயா என்று கேட்டார். வெளியே வந்து பைக்கை எடுத்தேன். கொஞ்ச தூரம் போய், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அவர் சொன்னபடியே சொல்லலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். எண் ஒன்று மாறிப்போவது எங்கள் வேலையில் நடக்கிறதுதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கணவர் திரும்பி வரப்போவதில்லை. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து டெலிபோன் கம்பெனியின் வேலூர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே கம்பெனி லைன்களைப் பார்க்கிற இன்ஜினியர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் என்னைச் சார் என்பார். உட்காரச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார்.

அவர்களுடைய பதிவில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு விவரம் இருந்தது. ஒன்று, எதிராளிக்குக் காட்டிய எண். இன்னொன்று, அந்தக் கால் உண்மையில் எந்த லைன் வழியாக வந்தது என்பது. காட்டுகிற எண்ணை என்னைப் போன்றவர்கள் மாற்றலாம். லைனை யாராலும் மாற்ற முடியாது. தபால் உறையில் அனுப்புநர் பொய் எழுதினாலும் எந்த ஊர்த் தபாலாபீஸ் முத்திரை என்பது மாறாதே, அதுபோல. பெர்சனல் ஆபீசர் அம்மா கொடுத்த தேதிகள் அத்தனைக்கும் நேராகக் கிடங்கின் லைன் இருந்தது.

 அவர் இன்னும் கீழே நகர்த்தினார்.

"இந்த லைன்ல ஏழெட்டு மாசமா ஷூ கம்பெனி நம்பர் போயிட்டிருக்கு சார். முந்தாநேத்து பத்தே முக்கால்ல இருந்து அவங்க சொந்த நம்பர் போவுது. முந்தாநேத்து பத்தே முக்காலுக்கு இன்னா நடந்துச்சி?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துதான் கேட்டார். மிஷின் மிஸ்டேக் என்கிற வார்த்தை என் வாய்வரை வந்தது. ஏழெட்டு மாதம் இருந்த தவறு, புகார் வந்த மறுநாள் காலையில் தானாகத் திருந்திவிட்டது என்று சொல்ல வேண்டும். அதைவிட, அந்தப் பெண் பத்துத் தடவை மணி அடித்தும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தது என் கண்முன் வந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் வந்தது.

"போட்டதும் நான்தான் மேடம். எடுத்ததும் நான்தான்."

அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, எங்கள் மேலும் தப்பு இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். ஒதுக்காத எண்ணைப் போட்டு ஒரு கால் வந்தால் அதை வெளியே விடாமல் நிறுத்துகிற ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறதாம். ஒவ்வொரு லைனுக்கும் உரிய எண்களின் பட்டியல் உண்டு. அதோடு ஒத்துப் பார்த்து, இல்லாததை அங்கேயே வெட்டிவிடலாம். ஆனால் பழைய லைன்களில் அதைப் போட்டால், நாங்கள் அஜாக்கிரதையாகத் தட்டி வைத்திருக்கும் எண்களால் நல்ல வாடிக்கையாளர்களின் கால்களும் நின்றுபோகும், சண்டைக்கு வருவார்கள் என்று தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

அன்று மதியம் கிடங்கின் லைனில் அந்தத் தடையைப் போட்டார். மேனேஜரை அதற்குள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தடை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவர் கிடங்கில் இருக்க வேண்டும். என்னையே போகச் சொன்னார். நான் அந்த அறையில், அந்த மேசை முன்னால் நின்றேன். கிளார்க் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க்கின் மொபைலை வாங்கி ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அதில் இன்ஜினியர் இருந்தார்.

"பழைய நம்பரையே திரும்பப் போடுங்க சார். ஒரே ஒரு தடவ."

அந்த எண்ணை மறுபடியும் என் விரலால் தட்ட வேண்டியிருந்தது. முதல் தடவை எவ்வளவு சுலபமாகத் தட்டினேன் என்று நினைவிருக்கிறது. இந்தத் தடவை கடைசி எண்ணைத் தட்ட வெகுநேரம் ஆனது. மேசை போனை எடுத்து என் மொபைலுக்குப் போட்டேன். இரண்டு விநாடி அமைதி. பிறகு டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம், கால் அறுந்தது. என் மொபைல் திரை இருட்டாகவே இருந்தது.

வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் அறுந்தது. கிடங்கின் சொந்த எண்ணை வைத்துப் போட்டால் உடனே வந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பட்டியல், ஒரு ஒப்பீடு. இந்த இரண்டு விநாடி ஏழெட்டு மாதம் முன்னால் இருந்திருந்தால் அன்றே நான் மேனேஜரிடம், முடியாது சார் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு டெலிபோன் கம்பெனியின் தடை தேவைப்பட்டிருக்கக் கூடாது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த அன்றுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பெர்சனல் ஆபீசர் அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான உடம்பு. கையில் மொபைலை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். சாட்சிக்காக அதை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"அந்த நம்பர போட்டுக் குடுத்தது நீங்களாண்ணா?"

ஆமாம் என்றேன். என்ன சொல்லிக் கேட்டான் என்று கேட்டார். சரக்கு விஷயம் பேச என்று சொன்னதைச் சொன்னேன். அவன் மேசை போனில் மட்டும் போடச் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் முன்னால் பாதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு போன்ல மட்டும்னு சொன்னப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலயா?"

"தோணுச்சிம்மா. நான் கேக்கல."

அவர் தலையை அசைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கைக்குட்டையைப் பிரித்து, மொபைலைப் பார்த்து, மறுபடி சுற்றினார். பிறகு என்னிடம் சொல்வதா, தனக்கே சொல்லிக்கொள்வதா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"அன்னிக்கி அவரு சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போய்ட்டாரு. மணி அடிச்சப்ப, அத கேக்கத்தான் கம்பெனியில இருந்து போன் பண்றாரோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். எடுக்கலாம்னு கை போன் வரைக்கும் போச்சி. அப்புறம் அவன்தான்னு நெனச்சி தலையணைக்கு அடியில வெச்சிட்டேன். அடிச்சிக்கினே இருந்துச்சி."

பெர்சனல் ஆபீசர் அம்மா அவர் முதுகில் கை வைத்தார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று வந்திருந்தேன். அந்த வார்த்தையை அவர் முன்னால் எடுத்து வைக்கவே கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மேனேஜர் ஜாமீனில் வந்துவிட்டார். கிடங்கின் முதலாளி அவரை வேறு மாநிலத்தில் ஒரு கிளைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. கேஸ் நடக்கிறது. நான் இரண்டு தடவை வேலூர் கோர்ட்டுக்குப் போய் வந்தேன். இரண்டு தடவையும் வாய்தா. தொட்டியில் ஆளை இறக்கிய விஷயம் தனிக் கேஸ். அதைப்பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

அடுத்த சில வாரங்களில் டெலிபோன் கம்பெனி எங்கள் பக்கத்து லைன்கள் எல்லாவற்றிலும் அந்தத் தடையைப் போட்டது. என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் வெளிக்கால் ஒன்றும் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் தாமதம் என்று பெற்றோருக்குச் சொல்ல முடியவில்லை. எல்லா இடத்திலும் நான் அவசரத்தில் ஏதோ ஒரு எண்ணைத் தட்டி வைத்திருந்தேன். சிலருக்கு முதலாளியின் மொபைல் எண், சிலருக்கு எப்போதோ சரண்டர் செய்த பழைய எண். திட்டு வாங்கிக்கொண்டே ஊர் ஊராகப் போய், டெலிபோன் கம்பெனியின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒதுக்கிய எண்ணை மட்டும் தட்டிவிட்டு வந்தேன். அந்தச் சுற்று முடிந்தபோது, எக்ஸ்சேஞ்ச் மாட்டுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஷூ கம்பெனியிலும் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். இப்போது கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறேன். வருமானம் கம்மி. என் மனைவி நடந்ததைப்பற்றி ஒரு தடவைகூடக் குத்திக் காட்டியதில்லை. அவள் பேசாமல் இருக்கிறபோதெல்லாம் அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

போர்டு அக்கா மட்டும் எப்போதாவது பேசுவார். அந்தப் பெண் மறுபடி பேக்கிங் பிரிவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். புகுந்த வீட்டில் இல்லை, பேரணாம்பட்டிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு இருக்கிறாராம். கணவருடைய அண்ணன் இன்னும் அவரிடம் பேசுவதில்லை. போனில் வந்தவன் யார் என்று தெரிந்த பிறகும், நீ ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்பதுதான் அந்த வீட்டில் பேச்சு.

இப்போது அந்த எண்ணை வேறு யாராலும் போட முடியாது, வந்தால் அது கம்பெனி கால்தான் என்று அக்கா அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தபடி, பட்டியல், தடை எல்லாவற்றையும். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா மணி அடிச்சா கை போவல" என்றாராம். அதனால் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதே பஸ்ஸில் போகிற இன்னொரு பெண்ணிடம் சொல்லி அனுப்புகிறார்கள். போன மாதம் ஒருநாள் அவரே போர்டு மேசைக்கு வந்து தன் புது மொபைலை அக்காவிடம் நீட்டி, உங்கள் சொந்த நம்பரை இதில் நீங்களே போட்டு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா போட்டுக் கொடுத்தார். இதுவரை அந்த எண்ணிலிருந்து அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் எதுவும் வரவில்லை என்று அக்கா சொன்னார்.